எதிர்வீட்டு வாசலும் எங்கள் கேமராவும்

திருச்செங்கோட்டில் எங்கள் தெருவில் ஒரு பைக் திருட்டுப் போனதும் என் கணவர் வீட்டு முகப்பில் கேமரா மாட்டினார். மறுநாள் காலையிலேயே எதிர்வீட்டு அக்கா வந்தார். பள்ளிப் பேருந்தில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலை பார்ப்பவர். அவர் அதிர்ந்து பேசி நான் கேட்டதில்லை.

"ஏனுங்க, இதுல எங்க வாசலும் தெரியுதுங்களா?"

"தெரியுதுங்க. உங்களுக்கும் காவல்தானுங்களே," என்றார் இவர்.

"எங்க ஊட்டுப் பக்கம் வேண்டாமுங்க. கொஞ்சம் திருப்பிக்கோங்க."

இவருக்குச் சுருக்கென்றது. சொந்தச் சுவரில் மாட்டுவதற்குச் சட்டத்தில் தடையே இல்லை என்று விளக்க ஆரம்பித்தார்.

"சட்டம் நீங்க சொல்றபடியே இருக்கட்டுமுங்க. என்ன தெரியுதுன்னு ஒருக்கா காட்டுங்க."

இவர் பெருமையாகவே செல்போனைத் திறந்து நீட்டினார். அந்த நேரம் பார்த்து அக்காவின் மருமகள் நைட்டியோடு வாசலுக்கு வந்து, ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டு வெயிலில் நின்றாள். தன்னை யாரும் பார்க்கவில்லை என்ற நிம்மதிகூடத் திரையில் அவள் முகத்தில் தெளிவாகத் தெரிந்தது.

இவர் செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, உள்ளே போய் ஸ்டூலை எடுத்து வந்து ஏறினார். அது ஆடாமல் அக்காவே பிடித்துக்கொண்டார்.

"உங்க கேட்டும் வண்டியும் தெரியோணுமுங்க. அது உட்டுப்போகாம பாத்துத் திருப்புங்க," என்று கீழிருந்து சொன்னார்.

அக்கா இடத்தில் நானாக இருந்தால் சண்டை பிடித்திருப்பேன். யார் பக்கம் பேசுவதென்று தெரியாமல் நின்றிருந்த எனக்கு அன்று இருவர் மீதும் மதிப்பு கூடியது.