பல்வலி வந்த வருஷத்துப் பொம்மை

மெக்ஸிகோவின் புவெப்லா நகரத்தில் அந்தக் குடியிருப்பில் பிதென்சியோ கை வைக்காத குழாய் கிடையாது. பொது முற்றத்தைச் சுற்றி இருந்த எந்த வீட்டில் தண்ணீர் ஒழுகினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வேலை சுத்தம். மனிதர்தான் கடுகடு. போதாக்குறைக்கு எச்சில் கையால் காக்கை ஓட்டாத கஞ்சன். அவர் வீட்டு வாசலை நாலு பேர் மிதித்ததெல்லாம் அவர் மனைவி அமாலியாவுக்காக. போன ஈஸ்டருக்குப் பிறகு அவள் உயிரோடு இல்லை. அதோடு வாசலும் அடங்கிவிட்டது.

ஜனவரி ஆறாம் தேதி, மூன்று ராஜாக்கள் திருநாளன்று முற்றத்தில் மேஜை போட்டு, வளையம் போன்ற பெரிய ரோஸ்கா ரொட்டியை வைத்திருந்தார்கள். அவரவர் துண்டை அவரவரே வெட்ட வேண்டும். உள்ளே ஒளிந்திருக்கும் குழந்தை இயேசு பொம்மை யாருக்குக் கிடைக்கிறதோ, அவர் பிப்ரவரி இரண்டாம் தேதி அத்தனை பேரையும் வீட்டுக்கு அழைத்து, சோளமாவில் தமாலே அவித்துப் போட வேண்டும். அதனால் கத்தியை எடுக்கும்போதே, பொம்மை தனக்கு வரக்கூடாது என்று எல்லோரும் வேண்டிக்கொள்வார்கள்.

பிதென்சியோ ஒரு துண்டு வெட்டினார். ஒன்றும் இல்லை. தின்று முடித்துவிட்டு இன்னொன்று வெட்டினார்.

"என்னண்ணே, ஓசி ரொட்டின்னா பசி கூடுதா?" என்றாள் எதிர்வீட்டு சோயிலா.

"நல்லா இருக்குல்ல, அதான்."

நன்றாக இருந்ததோ இல்லையோ, அவர் கவனிக்கவே இல்லை. அவருக்கு வேண்டியது பொம்மை. அது கிடைத்தால் ஒரு சாயங்காலமாவது வீட்டில் மனிதக்குரல் கேட்கும். சும்மா வாங்க என்று கூப்பிட அவருக்கு வாய் வராது. கூப்பிட்டாலும் யாரும் நம்பமாட்டார்கள். தனிமை அவரை அரித்துத் தின்றுகொண்டிருந்தது.

மூன்றாவது துண்டுக்குக் கத்தியை எடுத்தபோது, பக்கத்தில் தையல்காரர் அபுந்தியோ தலையில் அடித்துக்கொண்டார்.

"போச்சு! எனக்கே வந்து தொலைஞ்சுது! எம்பொண்டாட்டி என்னைக் கொன்னுபோடுவா."

அவர் துண்டுக்குள்ளிருந்து வெள்ளைப் பிளாஸ்டிக் பொம்மை எட்டிப் பார்த்தது. எல்லோரும் கைதட்டினார்கள். பிதென்சியோ மட்டும் தட்டவில்லை. சட்டைப் பைக்குள் கையை விட்டு எதையோ எடுத்தார். ரொட்டித்தூளில் ஒரு புரட்டுப் புரட்டி மேஜைமேல் வைத்தார்.

"எனக்கும் ஒண்ணு வந்திருக்கு."

அபுந்தியோவுக்கு உயிர் வந்தது. "அப்படிப் போடுங்கண்ணே! ரெண்டு பேருன்னா செலவு பாதி!"

சோயிலா அதைக் கையில் எடுத்துத் தூளை ஊதினாள். பீங்கான் பொம்மை. மூக்கு உடைந்திருந்தது. பீங்கானில் பொம்மை வைப்பதை ரொட்டிக்கடைகள் விட்டு எத்தனையோ காலமாகிவிட்டது.

அவளுக்குப் பல வருஷத்துக்கு முந்தைய ஒரு திருநாள் ஞாபகம் வந்தது. ரொட்டி முழுக்கத் தீர்ந்தும் பொம்மையைக் காணவில்லை. பிதென்சியோ பல்வலி என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போனார். இவள் நேரே ரொட்டிக்கடைக்குப் போய் ஊரைக் கூட்டினாள். அவளுக்குத் தெரியாமல் பிதென்சியோ வீட்டுக்குப் போய், செலவுக்குப் பயந்து கன்னத்தில் ஒளித்திருந்த பொம்மையைத் துப்பினார். அமாலியா விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அதைப் பித்தான் டப்பாவில் போட்டு வைத்தாள். போன வாரம் சட்டைக்குப் பித்தான் தைக்க உட்கார்ந்தபோதுதான் அது அவர் கண்ணில் பட்டது.

"அந்த ரொட்டிக்கடைக்காரனை நான் எப்படியெல்லாம் திட்டினேன் தெரியுமாண்ணே?" என்றாள் சோயிலா, தணிந்த குரலில்.

பிதென்சியோ நிமிரவில்லை. காது சிவந்துவிட்டது. "தெரியும்."

"பல்வலி இப்ப எப்படி இருக்கு?"

"போயிடுச்சு."

மற்றவர்கள் சிரிப்பும் கூச்சலுமாக இருந்தார்கள், யாரும் கவனிக்கவில்லை. அவள் வாயைத் திறந்தால் அவர் மானம் கப்பலேறும். சோயிலா அப்படியொன்றும் நாக்கை அடக்கத் தெரிந்தவள் இல்லை. ஆனாலும் பொம்மையை அவர் தட்டுக்குப் பக்கத்திலேயே திருப்பி வைத்தாள்.

"அப்ப விருந்து யார் வீட்ல?" என்று கேட்டார் அபுந்தியோ.

"எங்க வீட்ல," என்றார் பிதென்சியோ அவசரமாக. "மாவு பிசைய மட்டும் யாராவது சொல்லிக் குடுங்க. அடுப்பு இருக்கு. அவளோட பெரிய பானையும் இருக்கு."

"நாற்காலி எத்தனை இருக்கு?" என்று கேட்டாள் சோயிலா.

"ரெண்டு."

சோயிலா மேஜையைப் பார்த்துத் திரும்பினாள்.

"எல்லாரும் கேட்டுக்குங்க! ரெண்டாம் தேதி பிதென்சியோ அண்ணன் வீட்ல தமாலே. அவங்கவங்க நாற்காலிய அவங்கவங்க தூக்கிட்டு வரணும்!"