வத்தேகமவில் யாரும் வாங்காத காய்

பஸ் மாறும் இடைவெளியில் வத்தேகமச் சந்தையில் தேநீர் குடித்துத் திரும்பினால், மரக்கறிக் கடையோரம் நான் வைத்துப்போன சாக்கு காலி. உள்ளே இருந்தவை, மேற்குக் கரையில் பொறுக்கிய கண்டல் விதைகள்; கடலோரச் சேற்றில் வளரும் அந்த மரத்தின் விதை, பார்க்க முருங்கைக்காய் போலவே பச்சையாக நீண்டிருக்கும். மகாவலி கடலில் சேரும் மூதூர்ப் பக்கம் அழிந்துபோன கண்டல் காட்டைத் திரும்ப வளர்க்க, நண்பர்கள் இவற்றுக்காகக் காத்திருக்கிறார்கள். அவையோ இங்கே முருங்கைக்காய்களோடு விலைக்குப் படுத்திருக்கின்றன.

“வித்துட்டீங்களா அக்கா?” கடைக்காரப் பெண்ணிடம் ஓடிப்போய்க் கேட்கிறேன்.

“மூட்டைய வச்சிட்டுப் போனா விக்கத்தானே தம்பி? காய் கொண்டாறவங்க எல்லாம் அப்படித்தான் வைப்பாங்க. உங்க காயத்தான் ஒருத்தரும் வாங்கல. நகமே எறங்கல, அவ்வளவு முத்தல்! அடுத்த தடவ பிஞ்சுலயே பறிங்க.”

பக்கத்துக் கடைக்காரரும் சேர்ந்து என் விவசாயத்தைத் திட்டுகிறார். விதைகள் ஒன்றுகூடக் குறையவில்லை.

“கட்டாயம் அக்கா” என்று சாக்கைக் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுகிறேன். இத்தனை சந்தோஷமாக நான் திட்டு வாங்கியதே இல்லை.