தார்ப்பாய்க்கு அடியில் இருந்த பெட்டி

பதினைந்து வருடம் நாங்கள் இரண்டு பேர்தான். அவன் கீபோர்டு வாசிப்பான். நான் ரிதம் பேடில் மேளம் அடிப்பேன். அரியலூர்ப் பக்கம் கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் ஒரே டெம்போவில் போவோம். மைக் செட் என்னுடையது. பேஸ் ஸ்பீக்கர் பெட்டியை ஒரு ஆளால் தூக்க முடியாது. அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

அவனுக்குப் பெரம்பலூரில் பெண் எடுத்தார்கள். அந்தப் பிள்ளை லேப்டாப்போடு வந்தது. மேளமெல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது என்றான். அப்புறம் என்னைக் கூப்பிடவில்லை. நானும் கேட்கவில்லை.

புருஷனும் பெண்டாட்டியுமாக முதல் ஆல்பம் போட்டார்கள். எட்டுப் பாட்டு. எல்லாம் விளையாட்டுத்தனம். சிமெண்ட் லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது கீச்கீச்சென்று கத்துமே, அதை வைத்து ஒரு தாலாட்டு. பெரம்பலூர் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஆடு ஒன்று. எல்லாருக்கும் கொட்டை உள்ளே, எனக்கு மட்டும் ஏன் வெளியே என்று அழுகிற முந்திரிப்பழம். டீக்கடையில் எல்லார் போனிலும் அதுதான்.

"உன் கூட்டாளி பின்னிட்டான்யா. நீ எந்தப் பாட்டுல அடிச்ச?" என்றார் கடைக்காரர்.

டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

அவர்கள் மகளுக்கு ஆண்டிமடத்தில், அவன் வீட்டில், காதுகுத்து. மைக் செட்டுக்கு என்னைக் கூப்பிட்டான். பிள்ளையார் பாட்டு முடிந்ததும் ஆல்பத்தைப் போட வேண்டும், சொந்தக்காரர்கள் எல்லாம் அதைக் கேட்க வேண்டும் என்றான். சரி என்றேன். போய், தென்னை மரத்தில் குழாய் ஸ்பீக்கர் இரண்டை மட்டும் கட்டினேன். குழாயில் பேஸ், அந்த அடிச் சத்தம், வராது. அவர்கள் பாட்டுக்கு பேஸ்தான் உயிர். எனக்குத் தெரியும். பெட்டி இரண்டையும் தார்ப்பாய் போட்டு மூடி டெம்போவிலேயே விட்டேன்.

முதல் பாட்டு கொசு பாடுவது போல வந்தது.

"என்னாப்பா இது, வண்டு பூந்துடுச்சா?" என்றார் அவன் மாமனார்.

பந்தலே சிரித்தது. அவன் பெண்டாட்டி, அந்தப் பிள்ளையின் முகம் சுருங்கிப்போனது. எனக்கு நன்றாகத்தான் இருந்தது.

அவன் வந்தான்.

"பாக்ஸ் எங்கடா?"

"ரிப்பேரு."

"ரெண்டுமா?"

"ரெண்டும்."

டெம்போவுக்குப் போய்த் தார்ப்பாயை விலக்கினான். புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பெட்டியின் ஒரு பக்கம் கையைக் கொடுத்து நின்றான்.

"புடி."

நான் இன்னொரு பக்கம் போனேன். பிடித்தேன். இரண்டையும் இறக்கினோம். ஒயரை நான் சொருகினேன். பாட்டை முதலிலிருந்து போட்டான். பந்தல் தகரம் அதிர்ந்தது. பந்தியில் உட்கார்ந்திருந்த மாமனார் எச்சில் கையோடு எழுந்து வந்து, "அந்த ஆட்டை இன்னொருவாட்டி வுடு மாப்ள" என்றார்.

அந்தப் பிள்ளை எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தது. "எப்படிண்ணே இருக்கு?"

எட்டுப் பாட்டிலும் ஒரு இடத்தில்கூட என் கை இல்லை. இல்லாமலே நன்றாக இருந்தது. அதுதான் எரிந்தது.

"பரவால்ல" என்றேன்.

சாயங்காலம் பெட்டியை ஏற்ற அவனாகவே வந்தான். ஒரு பக்கம் அவன், ஒரு பக்கம் நான். ஏற்றி முடித்ததும் அவன் அந்தப் பிள்ளையோடு வீட்டுக்குள் போய்விட்டான். நான் டெம்போவை எடுத்தேன்.