துப்பட்டாவில் ஒட்டிய சிவப்பு அம்பு

எங்கள் வீட்டில் முதன்முதலில் காலேஜ் படித்தவள் நான். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. துணியில் ஓட்டையோ கறையோ கண்டால், பக்கத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி, ரிஜெக்ட் என்று ஒதுக்கிவிடுவேன். என் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்ற கர்வம் எனக்கு உண்டு.

ஒருநாள் காலை, ப்ளஸ் டூ படிக்கும் தங்கையின் துப்பட்டாவில் சிகரெட் சுட்ட ஓட்டையைப் பார்த்தேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஓட்டைக்குப் பக்கத்தில் அம்பை ஒட்டி, அவள் கண்ணில் படும்படி கொடியில் தொங்கவிட்டு வேலைக்குப் போனேன்.

சாயங்காலம் வந்தபோது பாத்ரூம் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினேன். சத்தமில்லை. தங்கை ஏதாவது செய்துகொண்டாளோ என்று கதவில் காதை வைத்துக் கேட்டேன்.

"கண்ணு, கதவத் தொற. அக்கா திட்ட மாட்டேன்."

எவ்வளவு நேரம் கெஞ்சினேனோ, கடைசியில் தாழ் விலகியது. தள்ளித் திறந்தேன். ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"பரீட்சைய நெனச்சாலே நெஞ்சு படபடங்குதுக்கா. தூக்கமே இல்ல. சிகரெட் குடிச்சா கொஞ்ச நேரம் அடங்குது. அப்பறம் முன்னவிட அதிகமா வருது."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"உன்னையாட்டப் படிக்கோணும்னு ஊட்ல எல்லாருஞ் சொல்றாங்க. உங்கிட்ட எப்படிச் சொல்றது? நீயுந்தான் ரிஜெக்ட் பண்ணீட்டியே!"

மறுநாள் லீவு போட்டு டாக்டரிடம் கூட்டிப்போனேன். பயத்துக்கும் புகைக்கும் சேர்த்தே வைத்தியம் பார்க்க வேண்டும் என்றார். சிகரெட்டை விட்டுக்கொண்டிருக்கிறாள். தூக்கம் இன்னும் முழுதாக வரவில்லை.

பாத்ரூம் கதவு சாத்தியிருந்தால் இப்போதும் போய்த் தட்டுவேன். "இருக்கியா கண்ணு?" என்பேன்.

"இருக்கேன்க்கா" என்பாள். அப்புறம்தான் எனக்கு மூச்சு வரும்.