ஜன்னல் உச்சிவரை

மாடிப்படியின் முதல் படியில் கால் வைத்ததுமே அவள் குரல் கொடுப்பாள்: "ஏங்க, இருக்கீங்களா?"

"இல்ல, வெளிய போயிருக்கேன்" என்று மூன்றாவது மாடியிலிருந்து அவர் சொல்வார்.

கல்யாணமான புதிதில் ஆரம்பித்தது. மகள் பிறந்து, வளர்ந்து, வேறு ஊருக்குப் போன பிறகும் நிற்கவில்லை. கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் பக்கத்து வீட்டுக்காரி கதவைச் சாத்திக்கொள்வாள்.

அவர் பஸ்களுக்கு ரெக்ஸின் சீட் தைப்பவர். அவளுடைய தம்பி, அவருக்கு மச்சான், அவரை 'ரெக்ஸின் மாமா' என்றுதான் கூப்பிடுவான். அவள் ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் துணி மடிப்பவள். அங்கே மெஷின் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தி உரமேறிய குரல் அவளுடையது.

அந்தக் குரல் ஒரு மழைக்காலத்தில் கம்மியது. சளி என்றுதான் நினைத்தார்கள். மூன்றாவது ஆஸ்பத்திரியில்தான், தொண்டை நரம்பு தளர்ந்துகொண்டே வருகிறது, நிறுத்த வழியில்லை என்றார்கள். தினமும் சத்தமாகப் பேசிப் பழகினால் கொஞ்ச நாள் தாக்குப் பிடிக்கலாமாம்.

"சுவத்தப் பாத்துப் பேசச் சொல்றாங்க. எனக்கென்ன பைத்தியமா?" என்று அவள் வாயை மூடிக்கொண்டாள்.

வருஷக் கடைசி விடுமுறை நெருங்கிய சமயம். எதிர் வீடுகளின் பால்கனிகளிலெல்லாம் விளக்குச் சரங்கள் ஏறியிருந்தன. செல்போன் பழுது பார்க்கும் மச்சான் தீப்பெட்டி அளவில் ஒரு கன்ட்ரோலர் போர்டும், ஒரு மைக்கும், சுருள் விளக்குப் பட்டையும் கொண்டுவந்தான். பாட்டுக்கு விளக்கு ஆடும் என்றான்.

"பாட்டு வேணாம். உங்க அக்கா பேசினா எரியணும். சத்தம் ஏற ஏற விளக்கும் மேல ஏறணும். முடியுமா?" என்றார் அவர்.

"மாமா, நீங்க சீட் மட்டும் தைக்கிற ஆளில்ல" என்று சொல்லிக்கொண்டே மச்சான் லேப்டாப்பைத் திறந்து புரோகிராமை மாற்றி எழுதினான்.

ஜன்னல் சட்டத்தில் கீழிருந்து உச்சிவரை பட்டையை ஒட்டினார்கள். அவள் கூச்சத்தோடு "ஏங்க" என்றாள். விளக்குகள் குடுகுடுவென்று மேலே ஓடி உச்சியைத் தொட்டன. அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அன்றிலிருந்து வேலை முடிந்து வந்ததும் ஜன்னலுக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொள்வாள். சலவைக் கூடத்துச் சண்டைகளையெல்லாம் விளக்குகளிடம்தான் சொல்வாள்.

ஒரு மாலை அவை பாதி ஜன்னலோடு நின்றுவிட்டன. அவள் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தாள். பிறகு எழுந்து போய் படுத்துக்கொண்டாள்.

மைக்கோடு ஒட்டி நீல நிறத்தில் ஒரு சின்னப் பெட்டி உண்டு. அதன் தலையில் பித்தளைத் திருகு. அதைத் திருப்பினால் மைக்குக்குக் காது கூர்மையாகும் என்று மச்சான் சொல்லியிருந்தான். மறுநாள் அவள் குளிக்கப் போனபோது அவர் அதைக் கொஞ்சமே கொஞ்சம் திருப்பினார்.

சாயங்காலம் விளக்குகள் உச்சிக்குப் போயின. "பாத்தீங்களா? டாக்டருக்கு என்ன தெரியும்!" என்று அவள் கை தட்டினாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு அவரால் நிறுத்த முடியவில்லை. குரல் தேயத் தேய, திருகு சுற்றிக்கொண்டே இருந்தது.

விடுமுறையன்று தம்பியையும் அவன் மனைவியையும் அவள் சாப்பிடக் கூப்பிட்டாள். தன் குரல் தேறிவிட்டதை அவர்களுக்குக் காட்ட வேண்டும். அவள் சமையலறையில் இருந்த நேரம் பார்த்து, போகிறவரைக்கும் போகட்டும் என்று அவர் திருகை முழுக்கத் திருப்பிவிட்டார்.

சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார்கள். அவள் புடவையைச் சரிசெய்துகொண்டு மூச்சை இழுத்தாள். வாயை இன்னும் திறக்கவில்லை. விளக்குகள் மளமளவென்று ஏறி உச்சியில் நின்று எரிந்தன. ஃபேன் சத்தமே அவற்றுக்குப் போதுமாக இருந்தது.

"அக்கா, நீ மனசுல நெனச்சாலே எரியுதே!" என்று மச்சான் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு எழுந்து போய் போர்டைக் குனிந்து பார்த்தான். "இத யாரு இவ்வளவு திருகினது? நான் வெச்ச எடம் இது இல்லயே மாமா..." பாதியில் நிறுத்திக்கொண்டான்.

அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் ரெக்ஸின் பிசின் காய்ந்திருந்த தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விருந்தாளிகள் சீக்கிரமே கிளம்பினார்கள். அவள் ஃபேனை நிறுத்திவிட்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

"பழையபடி வைங்க." காற்றைப் போல வந்தது குரல். அவர் பக்கத்தில் நின்றதால்தான் கேட்டது.

"வேணாம்மா. நாளைக்கு..."

"வைங்க."

வைத்தார். பட்டையை ஒட்டிய அன்றே மச்சான் பேனாவால் ஒரு கோடு போட்டிருந்தான். திருகை அந்தக் கோட்டுக்கே கொண்டுவந்தார். கழுத்து நரம்பு புடைக்க அவள், "ஏங்க, இருக்கீங்களா?" என்றாள். அடியில் ஒரே ஒரு விளக்கு மினுக்கி அணைந்தது.

எப்போதும் சொல்லும் பதில் அவர் வாயில் வரவில்லை. "இருக்கேன்" என்றார்.

அவள் அழவில்லை. அணைந்த விளக்கையே பார்த்துக்கொண்டு, "இவ்வளவுதான்னு முன்னாடியே சொல்லியிருந்தா மகளுக்கு போன் போட்டு நெறய பேசியிருப்பேன். இன்னும் நாள் இருக்குன்னு நெனச்சிட்டேங்க" என்றாள்.

இப்போது அவளுக்குக் குரல் இல்லை. படியின் கீழே நின்று கைப்பிடிக் கம்பியில் சாவியால் தட்டுகிறாள். அவர் மேலேயிருந்து "இருக்கேன்" என்கிறார். விளக்குப் பட்டை அந்த ஜன்னலில்தான் இருக்கிறது, திருகு கோட்டில் இருக்கிறது. தெருவில் பஸ் ஹாரன் அடித்தால் உச்சிவரை எரிகிறது.