டைகரின் காலுக்கு நான் சொன்ன பொய்

எங்கள் நாய் டைகருக்கு எலும்பில் கேன்சர் வந்து பின்னங்காலை எடுத்துவிட்டார்கள். இன்று தையல் பிரிக்க, நானும் மகளும் அதைக் கொடைக்கானல் பஸ்ஸில் கூட்டிப் போனோம்.

பூண்டியில் ஏறிய ஒரு அக்கா, "ஏண்ணே, நாய்க்குக் கால் என்னாச்சு?" என்று கேட்டார்.

நாய்க்குக் கேன்சர் ஆபரேஷன் என்றால் பஸ்ஸே சிரிக்கும் என்று பயந்து, "நம்ம பூண்டுத் தோட்டத்துல காட்டுமாடு முட்டிருச்சுக்கா" என்றேன்.

"வீரன்யா!" என்று ஒருவர் டைகருக்குப் பன் ஊட்டினார். நானும் குஷியாகி, சண்டையைக் கூட்டிச் சொன்னேன்.

அக்கா பதறிப்போய், தன் பிள்ளையைப் பரீட்சைக்குக் கொண்டுபோய் விட இருந்த தம்பிக்குப் போன் போட்டார். "ஏலே, காட்டுமாடு திரியுதாம்! பரீட்சையும் வேணாம் ஒண்ணும் வேணாம், பிள்ளைய வெளிய விடாத!"

என் மகள் எழுந்துவிட்டாள். "அத்தை, மாடெல்லாம் இல்ல. டைகருக்குக் கேன்சர். அப்பாதான் தெனமும் வயித்துல துண்டக் கொடுத்துத் தூக்கி நடக்கப் பழக்குறாரு. வெளிய சொல்ல வெக்கம்."

யாரும் சிரிக்கவில்லை.

அக்கா மறுபடி போன் போட்டார். "வெரசா கொண்டுபோய் விடுறா. மாடு இல்லையாம், ஒரு மனுசன்தானாம்."

ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். திரும்பிப் போகவும் அதே பஸ்தான். நீங்களாக இருந்தால் ஏறுவீர்களா, நடப்பீர்களா?