விரிசல் மேடமும் நான் மாத்தின கண்ணாடியும்

எங்க ஆபீஸ்ல அவங்க பேரைச் சொல்லிக் கேட்டா எல்லாரும் முழிப்பாங்க. விரிசல் மேடம்னு கேளுங்க, வாட்ச்மேன் உடனே மாடியைக் காட்டுவார். பாலங்களுக்கு அவங்கதான் இன்ஜினியர். கையில டார்ச், சின்னச் சுத்தியல், காலில் சேறு அப்பின பூட்ஸ். சினிமாவுக்குப் போனாலும் கதையை விட்டுட்டு, ஹீரோ நிக்கிற பாலத்தோட தூணைப் பார்க்கிறாங்கன்னு அவங்க பொண்ணே என்கிட்ட புலம்பியிருக்கா.

மேடம் மேசையில ஒரு பட்டியல் இருக்கும். எந்தப் பாலம் ரொம்ப மோசமோ அது முதல்ல. எந்தப் பெரிய மனுஷன் போன் பண்ணினாலும் அந்த வரிசை மாறாது. அதனால பாதிப் பேருக்கு அவங்களைக் கண்டாலே ஆகாது. எனக்கும் முதல்ல பிடிக்கலைதான், பொய் சொல்வானேன்? நான் பாலத்துப் பராமரிப்பு ஆள். இருபத்தாறு வருஷ சர்வீஸ். புல்லு வெட்டணும், தண்ணி போற குழாயைச் சுத்தம் பண்ணணும். விளக்கு உடைஞ்சாலும் கைப்பிடி உடைஞ்சாலும் மெமோ என் தலையிலதான் விழும்.

ஆத்துப் பாலத்துக்கு அடியில, உத்தரத்துல ஒரு விரிசல். அதுக்குக் குறுக்கே விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடித் துண்டை வச்சு, ரெண்டு முனையிலயும் சிமெண்ட் பூசி ஒட்டியிருந்தாங்க. எதுக்குன்னு எனக்கு ஒருத்தரும் சொல்லலை. நானும் கேட்கலை. அது அடிக்கடி உடையும். வெயில்ல உடையுதுன்னு நினைச்சுக்கிட்டு, மெமோ வர்றதுக்கு முன்னாடி என் கைக்காசு போட்டுக் கண்ணாடி வாங்கி, பளபளன்னு புதுசா ஒட்டிடுவேன். நம்ம வேலையில குறை இருக்கக்கூடாது பாருங்க!

ஒருநாள் காலையில மேடம் ஏணியில ஏறி அதையே உத்துப் பார்த்தாங்க.

"சிமெண்ட் ஏன் அண்ணே இவ்வளவு புதுசா இருக்கு?"

"போன வாரம்தான் மாத்தினேன் மேடம். உடைஞ்சா உடனே மாத்திடுவேன். ஒரு நாள்கூட உடைஞ்சபடி விட்டதில்லை." பெருமை தாங்கலை எனக்கு.

மேடம் இறங்கி வந்து ஒரு கல்லு மேல உட்கார்ந்துட்டாங்க.

"எத்தனை தடவை?"

"இந்த வருஷம் ஏழு."

"விரிசல் பெருசாச்சுன்னா காட்டிக்கொடுக்கத்தான் அண்ணே அந்தக் கண்ணாடி. அது உடையணும். உடைஞ்சா நாம ஓடணும்."

தலைக்கு மேல லாரி போகப் போக உத்தரம் உறுமுது. இருபத்தாறு வருஷமா கேட்ட சத்தம், அன்னைக்குத்தான் பயந்தேன்.

ஜீப்புல ஏறினதும், "பாலத்தை மூடச் சொல்லிப் பெரிய அதிகாரிகிட்ட பேசப் போறோம். மீட்டிங்ல நீங்க வாயைத் திறக்காதீங்க. ரிட்டயர் ஆக ரெண்டு வருஷம்தான் இருக்கு. நான் பார்த்துக்கறேன்"னாங்க. நானும் சரின்னு தலையாட்டினேன். வெட்கம்தான். ஆனா பென்ஷன்னு ஒண்ணு இருக்கே.

மீட்டிங் ரூம்ல நீள மேசை, கடைசியில பெரிய அதிகாரி. நான் ஃபைலைத் தூக்கிக்கிட்டு கதவோரம் நின்னேன். அந்த வருஷப் பணம் முழுக்க ஹைவே முகப்புல அலங்கார வளைவு கட்டப் போயாச்சு. பாலத்துக்கு அடுத்த வருஷம் பார்க்கலாம்னார்.

"வளைவை நிறுத்துங்க சார். அது இல்லேன்னா யாரும் சாகப்போறதில்லை. பாலத்தை இன்னைக்கே மூடணும்."

அவர் ஃபைலைப் புரட்டினார். "ரெண்டு வருஷத்துல நாலு ரிப்போர்ட். நாலுலயும் கண்ணாடி உடையலைன்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க. இப்ப ஏழு தடவை உடைஞ்சதுங்கறீங்க. யார் சொன்னா?"

மேடம் என் பக்கம் திரும்பவே இல்லை. "நான் சரியா பார்க்கலை சார். தப்பு என்னுது."

"யார் சொன்னான்னு கேட்டேன். ஆதாரம் இல்லாம ஒரு ஊர் வழியை மூட முடியாது."

ஃபைலை மூடிட்டார். அவ்வளவுதான், பாலம் திறந்தே கிடக்கப்போகுது. அட, போங்கடா உங்க பென்ஷனும் நீங்களும்னு தோணிடுச்சு.

"நான் சொன்னேன் சார்! நான்தான் மாத்தினேன். ஏழு தடவையும் கடையில கண்ணாடி வாங்கின பில் வீட்ல இருக்கு."

அவர் எங்களை மாறி மாறி முறைச்சார். "ரெண்டு பேர் மேலயும் நடவடிக்கை வரும்."

"வரட்டும் சார்," மேடம் பாலத்தை மூடுற உத்தரவுக் காகிதத்தை அவர் முன்னாடி தள்ளி, பேனாவையும் திறந்து வச்சாங்க. "முதல்ல இதுல கையெழுத்து."

திங்கட்கிழமை பார்க்கலாம்னார். மேடம் நகரலை. டீ வந்து ஆறிப்போச்சு. இன்னொரு டீயும் வந்தது. கடைசியில அவர் பேனாவை எடுத்தார்.

மூணு மணிக்கு நானும் மேடமும் தடுப்பை இழுத்துப் போட்டோம். முதல்ல வந்தது ஒரு ஸ்கூல் பஸ். டிரைவர் தலையை வெளியே நீட்டி என்னைக் கன்னாபின்னான்னு திட்டினான். சுத்திப் போனா பன்னெண்டு கிலோமீட்டராம். பஸ்ஸைத் திருப்பினான். ஜன்னல் பூரா பிள்ளைங்க. ஒண்ணு நாக்கைத் துருத்திக் காட்டிச்சு, ஒண்ணு டாட்டா காட்டிச்சு.

தினம் ரெண்டு தடவை இதே பஸ். ஏழு தடவை நான் கண்ணாடியை மாத்தியிருக்கேன். ரோட்டுலயே உட்கார்ந்துட்டேன்.

"அழறீங்களா அண்ணே?"

"ஆமா மேடம்."

அவங்களும் பக்கத்துல உட்கார்ந்தாங்க. பஸ் திரும்பி, ரோட்டு முனை தாண்டி, கண்ணுக்கு மறையற வரைக்கும் ரெண்டு பேரும் எந்திரிக்கலை.